கியர் லீவர் ஏன் நடுங்குகிறது? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அதிர்வைத் தேடும் வழி

"அண்ணே, 90ல போனா கியர் லீவர் நடுங்குது." பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பலர் பட்டறை மெக்கானிக்கான ஃபோமனிடம் போய் இதைத்தான் சொல்வார்கள். அவரும் காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "மவுண்டிங் போயிருக்கும்" என்பார். இன்ஜினைத் தாங்கும் ரப்பரான மவுண்டிங் மாறும், நடுக்கம் மாறாது. அடுத்து டயர், அப்புறம் கிளட்ச், அப்புறம் "கியர்பாக்ஸையே மாத்திடலாம் பாஸ், ஹாஃப்-கட்ல ஒண்ணு வந்திருக்கு" என்று (ஹாஃப்-கட் என்றால் பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்) ரிங்கிட் கரைந்துகொண்டே போகும். ஃபோமனைக் குறை சொல்லவும் முடியாது. எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), ஆக்சிலேட்டரை மிதித்தபோதா விட்டபோதா, கிளட்சை அழுத்தினால் என்ன ஆகிறது என்று எதுவுமே தெரியாமல் வெறும் 90ஐ வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்விகளுக்கான பதில்களை நீங்களே ஓட்டிப் பார்த்துச் சேகரிக்கலாம். கருவி எதுவும் வேண்டாம், ஸ்பேனர்கூட வேண்டாம். ஒரேயொரு விஷயம் புரிந்தால் போதும்: காருக்குள் சுழலும் பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை, அதிர்வு எதன் வேகத்தோடு கூடிக் குறைகிறதோ அதன் பக்கம்தான் கோளாறு இருக்கும். லீவர் நடுங்குகிறது என்பதற்காக லீவரையே சந்தேகிக்க வேண்டியதில்லை. பல நேரம் அது எங்கோ நடப்பதை உங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, அதே வருடம் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, 1997 வரை தயாரான கார். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் அதன் பின்னால், நீளமாக ஒரு ஷாஃப்ட், கடைசியில் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், பின்சக்கரங்கள் இழுக்கும். அமைப்பு எளிமையானது, அதனால் கற்றுக்கொள்ளச் சுலபம். உங்களிடம் டொயோட்டா ஏஇ86 இருந்தாலும் பிஎம்டபிள்யூ இ36 இருந்தாலும் வழிமுறை இதுவேதான், வேறுபடும் இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

மூன்று வேகங்கள்

முதல் கூட்டம் இன்ஜினோடு சுழல்வது: கிராங்க்ஷாஃப்ட், முன்னால் உள்ள கிராங்க் புல்லி, ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸின் உள்நுழையும் தண்டு. இவற்றின் வேகத்தை ஆர்பிஎம் மீட்டரே காட்டிவிடும். இரண்டாவது, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். மூன்றாவது சக்கரங்கள், அவற்றோடு பின்பக்க டிரைவ் ஷாஃப்ட்கள், ஹப், பேரிங், பிரேக் டிஸ்க்.

இனி கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். 1.6 லிட்டர் காரில் கம்பெனி போட்ட டயர் அளவு 185/60 ஆர்14. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.3, எனவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 59 முறை சுற்றும். இன்ஜின் எத்தனை முறை சுற்றும் என்பது கியரைப் பொறுத்தது: ஐந்தாவதில் 48, நான்காவதில் 59, மூன்றாவதில் 79. மீட்டரில் பார்த்தால் முறையே 2,900, 3,550, 4,700 ஆர்பிஎம் வாக்கில் இருக்கும். கார் எடையில் டயர் கொஞ்சம் நசுங்குவதால் சில சதவீதம் முன்னே பின்னே வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1993இல் வந்த 1.8 மாடலில் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, ரிம் பெரிதாக்கியிருந்தால் சுற்றளவும் மாறும், உங்கள் காருக்கு ஏற்றபடி போட்டுப் பாருங்கள்.

நொடிக்கு 14 முறை வரும் அதிர்வு உடம்புக்குத் தெளிவாக ஆட்டமாகத் தெரியும். ஸ்டீயரிங் உதறும், சீட் குலுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் கார் மங்கலாகும். 59 என்பது ஆட்டமாகத் தெரியாது. கால் பாதத்திலும் கியர் குமிழிலும் 'ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம், அவ்வளவுதான். அதற்கும் மேலே போனால் உடம்பில் படுவதைவிடக் காதில் உறுமலாக விழும். ஆக, முரட்டு ஆட்டமா, நடுக்கமா, உறுமலா என்பதே முதல் துப்பு.

மேலே நான்காவது கியரில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே எண்ணில் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். நான்காவது கியர் விகிதம் சரியாக 1. அந்த கியரில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "3,500ல நடுங்குது" என்று முடிவு கட்டினால், அது இன்ஜினா ஷாஃப்டா என்று பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றுகின்றன. ஃபோமன்கள் ஓட்டிப் பார்க்கும்போது நகரச் சாலையில் நான்காவதோடு நிறுத்திக்கொள்வதால் வரும் குழப்பம் இது. ஐந்தாவதிலும் மூன்றாவதிலும் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

சாலையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயில் ஒட்டுப்போட்ட தார் மேல் ஓட்டினால் எந்தக் காரும் நடுங்கும். டியூக் மாதிரி மேம்பாலச் சாலைகளில் இணைப்புகள் 'டக் டக்' என்று வேகத்துக்கு ஏற்ப அடிக்கும், அதை டயர் கோளாறு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது சுங்கை பீசி டோல் தாண்டி சிரம்பான் பக்கம் போகும் பிளஸ் நெடுஞ்சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமாக. வேக வரம்பு 110, நமக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. ஏற்றத்தில் இழுத்துப் பார்க்க கோம்பாக் டோலிலிருந்து கெந்திங் செம்பா வரை உள்ள காராக் நெடுஞ்சாலை இருக்கிறது. போகும்போது இன்ஜின் சுமை தாங்கும், திரும்பும்போது இறக்கத்தில் சக்கரங்கள் இன்ஜினைத் தள்ளும், ஒரே சாலையில் இரண்டு சோதனை.

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு நீங்களே பேசிக்கொண்டே ஓட்டுங்கள். கிளம்புவதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். கியர் நியூட்ரலில், கார் நின்றபடி, ஆர்பிஎம்மை மெதுவாக 4,500 வரை ஏற்றி இறக்குங்கள். சாலையில் வந்த அதே நடுக்கம் அதே ஆர்பிஎம்மில் இங்கேயும் வந்தால் ஷாஃப்ட், சக்கரம், டயர் எல்லாவற்றையும் ஒரே அடியில் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம், அவை சுற்றவே இல்லையே. மிச்சமிருப்பது இன்ஜின், மவுண்டிங், கிராங்க் புல்லி, கிளட்ச், எங்கேனும் உடம்பில் உரசும் எக்ஸாஸ்ட் குழாய். அப்படியே கிளட்சை அழுத்தியும் விட்டும் பாருங்கள். அழுத்தினால் கியர்பாக்ஸின் உள்நுழையும் தண்டு நின்றுவிடும். சத்தம் அப்போது அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் அந்தத் தண்டின் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். மாறாக அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் மேல் சந்தேகம்.

ஐட்லிங்கில் மட்டும் கார் முழுவதும் உலுக்கினால் அது வேறு கதை. 850 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 28 முறை எரிக்கும். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் நொடிக்கு ஏழு முறை ஒரு குலுக்கல் வரும், அது லீவரில் நன்றாகத் தெரியும். பிளக், பிளக் கேபிள், காயில் இவற்றைப் பார்க்காமல் மவுண்டிங் வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து சாலைக்கு வாருங்கள். ஐந்தாவதில் மெதுவாக வேகம் கூட்டி, நடுக்கம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே மறைகிறது என்று குறியுங்கள். பிறகு அதே வேகத்தில் நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் இறக்குங்கள். நடுக்கம் அதே 90இல் அசையாமல் நின்றால் இன்ஜினுக்குத் தொடர்பில்லை, ஷாஃப்ட் அல்லது சக்கரம். கியர் மாற்றியதும் நடுக்கம் வேறு வேகத்துக்கு ஓடிப்போய், ஆனால் ஆர்பிஎம் மீட்டரில் மட்டும் அதே இடத்தில் நின்றால் இன்ஜின் பக்கம். பல கார்களில் இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்னால் யாரும் வராத நேரத்தில், நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது கிளட்சை மட்டும் முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கும், கார் தன் போக்கில் உருளும். நடுக்கம் அப்படியே இருந்தால் கிளட்ச் டிஸ்க் தொடங்கி டயர் வரை ஏதோ ஒன்று, நின்றுவிட்டால் இன்ஜின், அல்லது இன்ஜின் இழுக்கும்போது மட்டும் வரும் கோளாறு. எக்காரணம் கொண்டும் ஓடும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும்.

கடைசியாக ஆக்சிலேட்டர். அதே வேகத்தில் அழுத்தி இழுக்க வையுங்கள், பிறகு முழுக்க விடுங்கள். டயர் பேலன்ஸ் கோளாறுக்கு நீங்கள் மிதிப்பதும் விடுவதும் ஒரு பொருட்டே இல்லை. இழுக்கும்போது மட்டும் வந்து, விட்டதும் மறைந்தால், பாரம் ஏறும்போது இடம் மாறும் ஏதோ ஒன்று: மவுண்டிங், ஷாஃப்டின் கோணம், ஷாஃப்ட் சாய்ந்தபடி சுழல விடும் யுனிவர்சல் ஜாயிண்ட், டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட்.

பிரேக் மிதித்தால் மட்டும் வருவது பிரேக் டிஸ்க், கிளட்ச் விட்டு கார் கிளம்பும்போது மட்டும் வருவது கிளட்ச் தட்டு அல்லது மவுண்டிங். இவை இரண்டையும் இந்தத் தேடலில் கலக்க வேண்டாம்.

லீவர் மட்டும்

கார் முழுக்க அமைதியாக இருக்கிறது, கியர் லீவர் மட்டும் 'ஜிர்ர்' என்கிறது என்றால் சந்தோஷப்படுங்கள், மலிவான வேலை. இந்தக் காரில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கேபிள் எதுவும் கிடையாது. லீவர் நேரே கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு பந்து, அடிமுனை புஷ் எனப்படும் ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள், மேலே ஒரு ஸ்பிரிங் வாஷர், சுற்றிலும் கொஞ்சம் எண்ணெய், எல்லாவற்றையும் மூட இரண்டு ரப்பர் உறைகள். முப்பது வருடத்தில் புஷ் தேய்ந்து உதிரும், உள் உறை கிழியும், அந்தக் குழியில் உள்ள எண்ணெய் வற்றிவிடும். அப்புறம் லீவர் தன் இடத்தில் தளர்ந்து நின்று, இன்ஜினின் இயல்பான அதிர்வுக்கே சத்தம் போடும்.

நடுக்கத்தின்போது இரண்டு விரலால் குமிழை லேசாகத் தொடுங்கள். தொட்டதும் அடங்கினால் புஷ்ஷும் வாஷரும்தான். தொட்ட பிறகும் கை வழியாக நடுக்கம் ஏறி வந்தால் கியர்பாக்ஸே ஆடுகிறது, லீவரைக் கழற்றிப் பயனில்லை. சோதனைக்காகத் தொடுவதோடு கையை எடுத்துவிடுங்கள். நடுக்கத்தை அடக்கக் கையை லீவர் மேலேயே வைத்து ஓட்டுவது பலருக்கும் உள்ள பழக்கம், அந்த எடை உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும்.

முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினார் என்றும் பாருங்கள். லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் போட்ட கார்கள் இங்கே நிறைய. கம்பெனி லீவர்கள் சிலவற்றில் நடுவே அதிர்வைத் தடுக்க ரப்பர் இருக்கும், வெளியில் வாங்கியவை பெரும்பாலும் ஒரே இரும்பு. கனமான குமிழ் போட்டாலும் லீவர் எந்த ஆர்பிஎம்மில் நடுங்கும் என்பது மாறிவிடும். ரப்பரைவிட விறைப்பான பாலியூரித்தேன் மவுண்டிங் போட்ட காரில் கை நடுங்குகிறது என்று குறைப்பட்டால் அதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை, அந்த மவுண்டிங் அப்படித்தான். ரேஸ் டிராக்குக்குப் போகாதவர் அதை ஏன் போடுகிறார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லீவர் ஆடுகிறது, கோளாறு பின்னால்

எம்எக்ஸ்-5இல் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான பின்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸுக்கு அடியில் தனியாக ஒரு மவுண்டிங் இருக்கும். இதில் கிடையாது. அதற்குப் பதிலாக கியர்பாக்ஸின் வால் முனையையும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பவர் பிளாண்ட் ஃபிரேம் என்று பெயர், பிபிஎஃப் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆக இன்ஜின், கியர்பாக்ஸ், சட்டம், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து ஒரே விறைப்பான துண்டு. அந்த முழு நீளமும் நான்கு ரப்பர்களில்தான் தொங்குகிறது: முன்னால் இன்ஜின் மவுண்டிங் இரண்டு, பின்னால் டிஃபரன்ஷியல் புஷ் இரண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். பின்னால் டிஃபரன்ஷியல் புஷ் கிழிந்தால், ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது அந்த முழுத் துண்டும் அசையும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கியர் லீவரும் சேர்ந்து அசையும். கோளாறு பின்பக்கச் சாமான் பெட்டிக்கு அடியில் இருக்க, அடையாளம் உங்கள் இடது கையில் தெரிகிறது. முன்மவுண்டிங் இரண்டையும் புதிதாகப் போட்டும் தீராத கார்களில் பின்பக்க புஷ்ஷை யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டிருப்பது சகஜம்.

இன்னொன்று, இதைத் தடித்த எழுத்தில் போட்டாலும் தகும்: "கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம்தான் நடுங்குது." இப்படி ஒருவர் சொன்னால் முதலில் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கியர்பாக்ஸை இறக்க இந்தச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட் துளைகளில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் கியர்பாக்ஸின் வால் மேலேயோ கீழேயோ சாய்ந்த நிலையில் இறுகிவிடலாம். சரியான உயரத்தை அளந்து வைக்க வொர்க்‌ஷாப் மேனுவலில் அளவு கொடுத்திருக்கிறார்கள். அளக்காமல் முறுக்கினால் ஷாஃப்டின் கோணம் கெடும்.

கோணம் கெட்டால் ஏன் நடுங்க வேண்டும்? ஷாஃப்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. சாய்ந்த நிலையில் சுழலும் ஒரு ஜாயிண்ட் சீராகச் சுழற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். மறுமுனை ஜாயிண்டும் அதே அளவு கோணத்தில் இருந்தால் முதலாவது செய்த குளறுபடியை அது ஈடுகட்டிவிடும். கோணங்கள் சமமாக இல்லாவிட்டால் மிச்சம் அதிர்வாக வெளியே வரும், அதுவும் ஷாஃப்ட் வேகத்தைப் போல இரண்டு மடங்கில். 90இல் நொடிக்கு 118 முறை என்பது காதில் விழும் உறுமல்.

ஷாஃப்டைக் கழற்றும்போது டிஃபரன்ஷியலில் அது போல்ட் ஆகும் தட்டான ஃபிளேஞ்சில் ஒரு கோடு போட்டு அடையாளம் வைக்காமல் எடுத்து, திரும்ப வேறு நிலையில் மாட்டினாலும் பேலன்ஸ் கெடலாம். கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. எக்ஸாஸ்ட் குழாயும் இதே வேலையில் இடம் மாறி உரசத் தொடங்கியிருக்கலாம். கார் சூடான பின் மட்டும் வரும் நடுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம், குழாய் சூட்டில் நீளும்.

காரைத் தாழ்த்தியவர்கள் கேட்பதுண்டு, ஸ்பிரிங் வெட்டியதால் ஷாஃப்ட் கோணம் மாறியிருக்குமோ என்று. எம்எக்ஸ்-5இல் டிஃபரன்ஷியல் சஸ்பென்ஷனோடு ஏறி இறங்குவதில்லை, அதனால் தாழ்த்தினாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறாது, பக்கவாட்டு டிரைவ் ஷாஃப்ட்களின் கோணம்தான் மாறும். ஏஇ86இல் பின்னச்சு ஒரே திடமான துண்டு, தாழ்த்தினால் டிஃபரன்ஷியலின் மூக்கு கோணம் மாறும், அங்கே அந்தச் சந்தேகம் நியாயமானது. இ36 வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் ரப்பர் வட்டையும் ஷாஃப்டின் நடு பேரிங்கையும் முதலில் பாருங்கள், எம்எக்ஸ்-5இல் அந்த இரண்டும் கிடையாது.

கீழே போய்ப் பார்க்கும்போது

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வார இறுதியில் மட்டும் ஓடும் காரில் ட்ரெட் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் கிழடாகியிருக்கும், ஒரே இடத்தில் நின்று தட்டையும் விழுந்திருக்கும். ரிம் மாற்றியிருந்தால் நடுத்துளையைப் பாருங்கள். இந்தக் காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர், கடையில் வாங்கும் ரிம்களின் துளை பெரும்பாலும் பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லையென்றால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நெடுஞ்சாலையில் உதறும். டயர் கடை மெஷினில் பூஜ்ஜியம் காட்டும், காரில் ஆடும்.

ஷாஃப்டைப் பார்க்க காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் ஸ்டாண்ட் நான்கும் கட்டாயம், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போவது உயிரோடு விளையாடுவது. ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குங்கள், ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா, சிவப்புத் துருத்தூள் கசிந்திருக்கிறதா, கழற்றி மடக்கினால் நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் நுழையும் இடத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகினால் வாலில் உள்ள புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். காரைத் தூக்கி வைத்து கியரில் போட்டு ஓடவிட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம், சக்கரங்கள் தொங்குவதால் டிரைவ் ஷாஃப்ட் கோணங்கள் சாலையில் இருப்பது போல இருக்காது, இல்லாத நடுக்கத்தைக் காட்டும்.

மவுண்டிங்கைப் பொறுத்தவரை, நம் ஊர் வெயிலிலும் எண்ணெய்க் கசிவிலும் ரப்பர் நீண்ட நாள் தாங்காது, எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் முதலில் போகும். இரண்டின் உயரமும் ஒன்றுபோல இருக்கிறதா, ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹாஃப்-கட் கடையில் எடுக்கும் மவுண்டிங்குக்கும் உங்கள் காரில் இருப்பதற்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். கியர்பாக்ஸை ஹாஃப்-கட்டில் வாங்குங்கள், ரப்பரை ஒருபோதும் வாங்காதீர்கள்.

இன்ஜின் பக்கம் என்று உறுதியாகி, மவுண்டிங்கும் நன்றாக இருந்தால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் முற்றிப் பிரிந்தால் உயர் ஆர்பிஎம்மில் நடுக்கம் வரும். 1991 வரை வந்த ஆரம்பகால 1.6 இன்ஜின்கள் சிலவற்றில் கிராங்கின் மூக்குப் பகுதி குட்டையானது, அங்கே புல்லி தள்ளாடினால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும், தள்ளிப்போட்டால் கிராங்கே வீணாகும்.

சத்தம் கியர்பாக்ஸுக்குள்ளே இருந்து வருகிறதா என்று பிரிக்கவும் நான்காவது கியரே உதவும். நான்காவதில் சக்தி உள்நுழையும் தண்டிலிருந்து நேரே வெளியேறிவிடும், அதற்கு இணையாக உள்ளே இருக்கும் பக்கத்துத் தண்டு சும்மா சுற்றும், பாரம் தாங்காது. மற்ற கியர்களில் எல்லாம் இரைச்சல், நான்காவதில் மட்டும் அமைதி என்றால் பக்கத்துத் தண்டின் பேரிங்குகளைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் பற்கள் அல்லது அதன் பேரிங்.

ஃபோன் செயலியைப் பற்றியும் கேட்பார்கள். அதிர்வைக் கோடு வரைந்து காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, சக்கர அதிர்வைப் பிடிக்க நல்லவை. ஆனால் நொடிக்கு 100 முறை அளக்கும் ஃபோனால் 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 50 அதிர்வு) மேல் நம்பகமாகப் பார்க்க முடியாது. நம் ஷாஃப்ட் 90இலேயே 59, எனவே கோடு எங்கோ தவறான இடத்தில் விழும். அதற்கு மைக்கில் பதிவாகும் ஒலியை அலசும் செயலி மேல்.

ஏதாவது ஒன்றை மாற்றியதும் அதே சாலையில், அதே டயர் காற்றில், அதே கியர்களில் ஓட்டிப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான், மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. மவுண்டிங் மாற்றிய பிறகு நடுக்கம் ஒழியாமல் 90இலிருந்து 105க்கு நகர்ந்திருந்தால், சுழலும் ஏதோ ஒன்றின் பேலன்ஸ் இன்னும் சரியாகவில்லை, புதிய ரப்பர் அதை வேறு வேகத்தில் காட்டுகிறது என்று பொருள். டயரை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால், ஃபிளேஞ்சில் கோடு போட்டு ஷாஃப்டைக் கழற்றி, லோரி ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய ஷாஃப்டை எடுத்துக்கொள்வார்களா என்று மட்டும் முன்கூட்டியே ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.